தேசிங்கு போட்ட கையெழுத்து

சுவரில் மாட்டியிருந்த சின்னத் திரை பத்தொன்பது என்று காட்டியது. அமுதவல்லியின் வழக்கு முப்பத்து நான்கு. நடுவில் பதினான்கு. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் நாற்பத்திரண்டு நிமிடம். வாய் ஓயாதவன் எவனாவது எழுந்தால் ஒரு மணி நேரம். நீதிபதி இன்றைக்கு எரிச்சலில் இருந்தால் எல்லாரையும் இரண்டு வார்த்தையில் உட்கார வைத்துவிடுவார், அப்போது இருபதே நிமிடம். இருபது நிமிடத்தில் ஒரு மனுஷி என்ன முடிவுக்கு வந்துவிட முடியும், பதினெட்டு நாளாக வராத முடிவுக்கு? அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. கடைசி பெஞ்சில் தூணை ஒட்டி, பெட்டி போட்ட வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக தேசிங்கு உட்கார்ந்திருக்கிறார். முப்பத்தொன்பது வருஷமாக ஆபீஸ் குமாஸ்தா. இத்தனை வருஷத்தில் கோர்ட் ஹாலுக்குள் ஆயிரம் தடவை நுழைந்திருப்பார், ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. வழக்குக் கட்டைக் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போய்விடுவார். இன்றைக்கு உட்காரச் சொன்னதும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார், யாருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறவர் போல. காலையில் காரில் வரும்போது கேட்டார், "ஜட்ஜ் ஐயா என்ன கேப்பாரு மேடம்?" ஒன்றும் கேட்க மாட்டார் என்றாள். "கேட்டா இன்னா சொல்லணும்?" உள்ளதைச் சொல்லுங்கள் என்று வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, சிக்னல் விழுந்தது. உள்ளது என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இருபது. இருபத்தொன்று. இரண்டும் வாய்தா. அவள் மடியில் கட்டைப் பிரித்தாள், முதல் தாளிலேயே அந்த அபிடவிட். எத்தனை தடவை படிப்பாள்? எழுதினவளும் அவள்தான். எழுதினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு மாதிரி இருக்கிறது, பெயரையும் நம்பரையும் நாள் கணக்கையும் மாற்றினால் போதும். 'நான் மேற்படி வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரிகிறேன். குறைகளைச் சரிசெய்வதற்காகத் திருப்பித் தரப்பட்ட வழக்குக் கட்டு, முடிந்துபோன வேறு கட்டுகளோடு என்னால் தவறுதலாகக் கலக்கப்பட்டுவிட்டது. இந்தத் தாமதம் வேண்டுமென்று நேர்ந்ததல்ல.' இந்த நகரத்து வக்கீல்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம். எவன் தூங்கினாலும், எவன் மறந்தாலும், எவன் கட்சிக்காரரோடு சண்டை போட்டுக் கட்டைத் தூக்கி மூலையில் எறிந்தாலும், கடைசியில் கட்டைக் கலந்தவன் குமாஸ்தாதான். அபிடவிட்டுகளை எல்லாம் நம்புவதென்றால் ஹைகோர்ட் குமாஸ்தாக்களுக்குக் காலையிலிருந்து மாலை வரை கட்டுகளைக் கலப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாது என்றுதான் ஆகும். நீதிபதிகளுக்கும் தெரியும், அவர்களும் ஒரு காலத்தில் இதே மாதிரியில் நம்பர் மாற்றினவர்கள்தானே. யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று இதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியாகிவிட்டது. அவளே இருபது முப்பது போட்டிருப்பாள். அத்தனையிலும் தேசிங்கு கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரிப்பார், "என் தலையில இன்னொன்னா? போடுங்க மேடம், தலை கெட்டியாத்தான் இருக்கு." ஏனென்றால் அப்போதெல்லாம் அவருக்குத் தெரியும், அது அவரில்லை என்று. இந்த ஒன்றுக்குத்தான் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கினார், தேடித் தேடி இடம் கண்டுபிடித்து, மெதுவாகப் போட்டார். கை நடுங்கவில்லை, அதுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. நடுங்கியிருந்தால் தேவலை என்று அப்போது தோன்றியது, ஏன் அப்படித் தோன்றியது என்று இன்னும் தெரியவில்லை.

இருபத்து மூன்றுக்கு ஒரு பெரிய வக்கீல் எழுந்தார். இனி பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும், பேசட்டும், சாயங்காலம் வரை பேசட்டும். காலில் புதுச் செருப்பு கடித்தது. அந்த வெள்ளிக்கிழமை என்ன செருப்பு போட்டிருந்தாள்? செருப்பு ஞாபகமில்லை, மற்றதெல்லாம் இருக்கிறது. செய்யாறு பக்கத்திலிருந்து வந்த செங்கேணியம்மாளின் அப்பீல் கட்டு. எழுபது சென்ட் நிலமும் கிணற்றில் பாதியும், கொழுந்தனோடு வழக்கு, கீழே இரண்டு கோர்ட்டிலும் தோற்று மூன்றாவதாக இங்கே வந்தது. தாக்கல் செய்ததை ஒரு பக்கம் சரியாகத் தெரியவில்லை என்று கோர்ட் ஆபீஸ் திருப்பிக் கொடுத்திருந்தது. அந்தப் பக்கத்தைத் திரும்ப டைப் அடித்துச் சேர்த்துப் பத்து நாளில் மறுபடி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான், அரை மணி நேர வேலை. தேசிங்கு மேஜையில் இருந்த கட்டை அவளே எடுத்து வந்தாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லவுமில்லை, அவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். அறைக்குள் நுழையும்போதே சீனியர் கூப்பிட்டார். திருவேங்கடம் அசோசியேட்ஸின் திருவேங்கடம், எழுபத்து மூன்று வயது, யாரையும் உட்காரச் சொல்லாதவர், அன்றைக்கு உட்காரச் சொன்னார். "வல்லி, எனக்கு எழுபத்தஞ்சு முடியறப்போ போர்டு மாத்தறோம். உன் பேரும் வருது. யார்கிட்டயும் இப்ப சொல்லாதே." பதினாறு வருஷம். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பையன்கள் தனித்தனி அறையும் பெயரும் வாங்கிக்கொண்டு போனபோதெல்லாம், குடும்பம் இருக்கிறது, குழந்தை இருக்கிறது, எப்போது நின்றுவிடுவாளோ என்று அவளைப் பற்றி யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்த பதினாறு வருஷம். அவள் எழுந்து வந்தாள், தரையில் கால் பாவவில்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஒரு சுற்று சுற்றினாள், நாற்பத்திரண்டு வயதில், கவுனோடு. கையில் ஏதோ கனமாக இருந்தது. அதைப் பச்சை பீரோ மேல் வைத்தாள். வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. சந்தோஷத்தில் ஒரு கட்டை பீரோ மேல் வைத்தாள். இதை எந்த அபிடவிட்டில் எழுதுவது? வழக்கறிஞர் சந்தோஷமாக இருந்தபடியால் நானூற்றுப் பன்னிரண்டு நாள் தாமதம் நேர்ந்தது என்றா? பெரிய வக்கீல் உட்கார்ந்துவிட்டார், அதற்குள்ளாகவா, திரை இருபத்தாறு என்றது. இருபத்து நாலும் இருபத்தஞ்சும் எப்போது போயின? செங்கேணியம்மாள் போன தை மாதம் ஆபீஸுக்கு வந்து நின்றாள், கையில் தேசிங்கு எழுதிக் கொடுத்த நம்பர் துண்டு. கொழுந்தன் கிணற்றைச் சுற்றிக் கல் நட ஆரம்பித்துவிட்டான், கேஸ் என்ன ஆச்சு சாமி என்று கேட்டாள். தேசிங்கு எழுந்து போனார், இரண்டு நிமிடத்தில் கொண்டு வந்துவிடுவார் என்று எல்லாரும் இருந்தார்கள். ஏனென்றால் தேசிங்கு அப்படி. ரெஜிஸ்டர் பார்க்கவே மாட்டார். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ரிட் மனுவா, மூன்றாவது ரேக், இடது பக்கம், மேலே ஒரு நீல நாடா கட்டியிருக்கும் என்பார், இருக்கும். மூன்று நாள் தேடினார். சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக வந்து அறையை ஒழுங்கு பண்ணும்போது, பீரோ மேல் பழைய சட்டப் பத்திரிகைகளுக்கு அடியில் அது இருந்தது. பார்த்ததும் வெள்ளிக்கிழமை, சுற்றிய சுற்று, அம்மாவின் குரல், எல்லாம் ஒரே நொடியில் வந்தன. திங்கட்கிழமை சீனியர் மேஜையில் வைத்தாள். எங்கே இருந்தது என்றார். பழைய கட்டுகளோடு கலந்து கிடந்தது, சார். பொய் இல்லை, பீரோ மேல் முடிந்துபோன கட்டுகளும் இரண்டு இருந்தன. அவ்வளவுதான் சொன்னாள். சீனியர் அவளைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற தேசிங்கைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி பழி அங்கே போய்ச் சேர்ந்தது. அவள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் சும்மா இருப்பதுதான், இருந்தாள்.

"நானா வெச்சேன்?" என்றார் தேசிங்கு. யாரிடமும் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்போது சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருந்தால்கூட ஒரு தமாஷாகப் போயிருக்கும், அட நான்தான் வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று தலையில் தட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் ஆனதும் தமாஷாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் ஆனதும் எப்படியும் சொல்ல முடியவில்லை. புருஷனிடம் சொன்னாள். முரளி செய்தித்தாளை மடக்காமலே, "ரிட்டையர் ஆகற வயசுதானே அவருக்கு, விடு" என்றான். விட்டாள். ஆனால் தேசிங்கு விடவில்லையே. ரெஜிஸ்டரைத் திறக்க ஆரம்பித்தார். பிறகு சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வந்தது. பிறகு ஒரே கட்டை நான்கு தடவை எண்ணினார். கட்டி முடித்த நாடாவை அவிழ்த்து மறுபடி உள்ளே பார்த்தார். ரேக்குக்கு முன்னால் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசித்தார், அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னையே நம்பாதவன் கைக்கு எல்லாமே வழுக்கும், இரண்டு வாய்தாத் தேதிகள் நிஜமாகவே தவறின. இப்போது ஆபீஸில் ஆளுக்கு ஆள் தலையை ஆட்டினார்கள், பாவம், தேசிங்குக்கு வயசாகிவிட்டது. அவருடைய மகள் கௌசல்யா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். மறுநாள் ரிப்போர்ட்டோடு வந்தார். "ஒன்னுமில்லேன்னுதான் டாக்டர் சொல்றாரு மேடம். ஆனா ஒன்னுமில்லாமயா கட்டு போச்சு?" அவள் ஃபேனைப் பார்த்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து அப்படியே மூடிவிட்டாள்.

முப்பது. பதினெட்டு நாளைக்கு முன்னால் இதே ஹாலில் நீதிபதி அந்த அபிடவிட்டைத் தூக்கிக் காட்டி, தினம் ஒரு குமாஸ்தா கட்டைக் கலக்கிறான், எனக்கு ஒரு குமாஸ்தாவையாவது நேரில் பார்க்க வேண்டும், அடுத்த வாய்தாவுக்கு அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஹால் சிரித்தது. அவளும் சிரித்தாள், வக்கீல் சிரிப்பு, பல் மட்டும். சரி, எழுந்து நின்று சொன்னால் என்ன ஆகும்? மை லார்ட், கட்டைக் கலந்தது இவர் இல்லை, நான். அப்படியென்றால் இந்த அபிடவிட்? பொய். இதைத் தயாரித்தது? நான். உண்மை தெரியாத குமாஸ்தாவிடம் கையெழுத்து வாங்கியது? நான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுவார். தாமத மனு தள்ளுபடி என்பார், செங்கேணியம்மாளின் கிணறு போகும். இல்லை, போகாது, வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்க மாட்டார்கள் என்று எத்தனை தீர்ப்பு இருக்கிறது, அவளே மேற்கோள் காட்டியிருக்கிறாள். ஆகவே கிணற்றை இழுக்காதே அமுதவல்லி, போவது உன்னுடைய பெயர். வருகிற வியாழக்கிழமை போர்டு மாட்டுகிறார்கள். ஆச்சாரி எழுத்தெல்லாம் வெட்டி முடித்துவிட்டான், மூன்றாவது வரி. அம்மா ஆரணியிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டாள். சீனியர் என்ன சொல்வார்? ஒன்றும் சொல்ல மாட்டார். பேனாவை மூடி வைப்பார், அதுதான் பயம். இதையெல்லாம் ஒரு பக்கம் வை, இன்னொரு பக்கம் என்ன? ஒரு மனுஷனின் ஞாபகம். அவருக்கு இருந்த ஒரே சொத்து. அதைத் திருப்பிக் கொடுக்கப் பத்து வார்த்தை போதும். தமிழில் சொன்னால் இன்னும் குறைவு. சொல்கிறேன், சொல்லிவிடுகிறேன், முப்பத்து நான்கு வந்ததும் எழுந்து, கவுனைச் சரிசெய்துகொண்டு, குரல் நடுங்காமல். அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒரு தைரியம் வந்து உட்கார்ந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு முழுசாக உள்ளே போனது. முப்பத்தொன்றில் யாருமில்லை, தள்ளுபடி. முப்பத்து இரண்டு, முப்பத்து மூன்று, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒத்திவைத்தார். கோர்ட் ஆபீசர் முப்பத்து நான்கு என்று கூப்பிட்டார்.

எழுந்தாள். எதிர்த் தரப்பு இளம் வக்கீல், நான் எதிர்க்கவில்லை, கோர்ட்டின் முடிவுக்கு விட்டுவிடுகிறேன் என்றான். நீதிபதி தாளைப் புரட்டினார். "குமாஸ்தா வந்திருக்கிறாரா?" "வந்திருக்கிறார், மை லார்ட்." தேசிங்கு எழுந்து கை கூப்பினார். அந்த நரைத்த தலையைப் பார்த்ததும் நீதிபதியின் முகம் மாறிவிட்டது, வேறு யாரையோ, ஒரு தடித்த திமிர்பிடித்த ஆளை எதிர்பார்த்திருந்தார் போல. தமிழில் கேட்டார். "எத்தனை வருஷமா குமாஸ்தாவா இருக்கீங்க?"

"முப்பத்தொம்பது வருஷங்கய்யா."

"கட்டு எப்படிங்க கலந்துச்சு?"

இப்போது. அவள் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது, அது பிரிகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. பின்னாலிருந்து தேசிங்கின் குரல் வந்தது. "தெரியலைங்கய்யா. யோசிச்சுப் பாத்தேன், ஞாபகத்துக்கு வரலை. ஆனா நான்தாங்க வெச்சிருக்கணும். வேற யாரு வெப்பாங்க?" ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு நொடி இருந்தது, அவளுக்கென்றே விட்டுவைத்த மாதிரி முழுசாக ஒரு நொடி. மை லார்ட் என்றாள். "சொல்லுங்கள்" என்றார் நீதிபதி. "மிக்க நன்றி, மை லார்ட்" என்றாள். அவர் இன்னும் எதற்கும் உத்தரவு போடவே இல்லை. பேனாவை எடுத்து, தாமதம் மன்னிக்கப்படுகிறது, அப்பீலுக்கு நம்பர் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், கோர்ட் ஆபீசர் முப்பத்து ஐந்து என்று கூப்பிட்டார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

வராந்தா வெயிலில் கண் கூசியது. தேசிங்கு பின்னாலேயே வந்தார், முகம் தெளிந்திருந்தது. "நல்ல ஜட்ஜு மேடம். திட்டுவாருன்னு பயந்துகினே இருந்தேன். அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, ராத்திரி தூங்கட்டும். நானும் இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு சீனியர் ஐயாகிட்ட சொல்லிட்டேன். இன்னொரு அம்மா கிணறு நம்மால போவ வேணாம் பாருங்க." அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் நின்றுவிட்டாள். இங்கே நீதிபதி இல்லை, சீனியர் இல்லை, எதுவும் எழுதிக்கொள்ள யாருமில்லை. இங்கே சொல்லலாம். இங்கே சொல்ல முடிகிறது என்பதே கேவலமாக இருந்தது, இருந்தும் சொன்னாள்.

"அது நீங்க இல்லை. நான். உங்க மேஜையிலேர்ந்து நான்தான் எடுத்தேன். என் ரூம் பீரோ மேல நானே வெச்சேன். மறந்துட்டேன். கெடைச்சப்புறமும் வாயைத் திறக்கலை."

தேசிங்கு அவளையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண்கள் கலங்கின. கையை உயர்த்தினார். அறையப் போகிறார் என்று அவள் நினைத்தாள், அப்படி நினைத்ததில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அவர் கும்பிட்டார்.

"இந்தக் கெழவனைத் தேத்தறதுக்கு எதுக்கு மேடம் இப்படி எல்லாம் சொல்றீங்க? பதினேழு வருஷமா உங்களைப் பாக்கறேன். நீங்க ஒரு தாளை மாத்தி வெச்சு நான் பாத்ததில்லை."

"ஐயோ, நெஜமாத்தான் சொல்றேன். வெள்ளிக்கிழமை, நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க..."

"எம் பொண்ணும் இப்படித்தான். நான் கேஸ் அடுப்பை அணைக்காம வந்துட்டா, நாந்தாம்பா அணைக்கலேங்குறா." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "ஆபீஸ்ல இத மாதிரி சொல்லி வெக்காதீங்க. வியாழக்கிழமை நல்ல காரியம் இருக்குது. என் மேல இருக்கற பிரியத்துல சொல்றீங்கன்னு அவுங்களுக்குத் தெரியுமா?"

அவள் மறுபடி சொன்னாள். கொஞ்சம் உரக்கவே சொன்னாள், போகிற வருகிற கறுப்புக் கவுன்கள் திரும்பிப் பார்த்தன. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார், சின்னப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கும்போது பெரியவர்கள் கேட்டுக்கொள்கிற மாதிரி. அவளுக்கு வார்த்தை தீர்ந்துபோனது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல், தினமும் ஹாலை விட்டு வெளியே வந்ததும் செய்கிற பழக்கத்தில், கட்டை அவர் பக்கம் நீட்டினாள். தேசிங்கு அதைப் பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு எட்டு பின்வாங்கினார்.

"வேணாம் மேடம். நீங்களே வெச்சுக்குங்க. உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."